ரோடு யாருக்கு? லாரிக்கா... நடக்கிற ஆளுக்கா? ஒட்டன்சத்திரத்துக்கு தேவை 'எல்லோருக்குமான சாலை'

ஒட்டன்சத்திரம்:

ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். அகலப்படுத்தியும் விடுகிறார்கள். அதன் பிறகும் நடந்து போகிறவர் என்னவோ சாக்கடை ஓரமாகத்தான் ஒதுங்கிப் போகிறார். சைக்கிளில் போகிற பிள்ளை லாரிக்கும் பஸ்சுக்கும் நடுவில்தான் புகுந்து வருகிறது. அப்படியானால் அகலம் யாருக்குக் கூடியது?

இந்தக் கேள்விக்கு சுப்ரீம் கோர்ட்டு 2025-ம் ஆண்டு மே 14-ந்தேதி பதில் சொல்லிவிட்டது. நடைபாதையில் பயமில்லாமல் நடப்பது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் உத்தரவிட்டனர். நடைபாதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் விதத்தில் இருக்க வேண்டும், அதில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்றும் மாநிலங்களுக்குச் சொன்னார்கள். இந்த வழக்கு போட்டவர் வேறு எங்கோ உள்ளவர் அல்ல. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். விபத்தில் கை, கால் உடைந்து வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர், 2012-ல் கோர்ட்டுக்குப் போனார்.

தீர்ப்பு வந்துவிட்டது. ஆனா, ஒட்டன்சத்திரம் மாதிரி ஊருக்கு அது எப்படி வந்து சேரும் என்பதுதான் இப்போது கேள்வி.

ஒரே ரோடு, எத்தனை பேர்?

ஒட்டன்சத்திரம் சுமார் 30 ஆயிரம் பேர் வசிக்கிற ஊர். ஆனால் ரோட்டைப் பார்த்தால் பெரிய நகரம் மாதிரி இருக்கும். கோவையில் இருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், திருச்சி வழியாக நாகப்பட்டினம் வரை போகிற தேசிய நெடுஞ்சாலை எண் 83 இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. தாராபுரம், வேடசந்தூர் பக்கம் போகிற ரோடுகளும் இங்கே வந்து சேருகின்றன.

தமிழகத்தின் பெரிய காய்கறி மார்க்கெட்டுகளில் ஒன்று இங்கே இருக்கிறது. சுற்றுவட்டார கிராமங்களில் விளையும் முருங்கை, கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் இங்கு வந்து, பெரும்பகுதி கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. விவசாயி டிராக்டரிலும், குட்டியானையிலும், டூவீலரின் பின்னால் மூட்டை கட்டியும் கொண்டு வருகிறார். சுமைதூக்கும் தொழிலாளி தலையில் மூட்டையோடு ரோட்டைக் கடக்கிறார். அவருக்கு பக்கத்தில் வருகிற வண்டியைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது.

இது போக ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகள், பள்ளிக்கூட பிள்ளைகள், ரெயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் போகிறவர்கள், தள்ளுவண்டி வியாபாரிகள். தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்துவிட்டால் காரைக்குடி, நத்தம், திண்டுக்கல் பக்கம் இருந்து பழனிக்கு நடந்து போகும் முருக பக்தர்கள் வேறு. இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் ரோடு. ஆனால் நெடுஞ்சாலை திட்டம் போடும்போது பெரும்பாலும் ஒரு கணக்குதான் பார்க்கப்படுகிறது: ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி போகும்? எத்தனை ஆள் போகிறார் என்று யாரும் எண்ணுவதில்லை.

புறவழிச்சாலை போதுமா?

"பைபாஸ் வந்தா எல்லாம் சரியாயிடும்" என்பது எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு. தூரத்து ஊருக்குப் போகிற வண்டிகள் வெளியே போய்விடும், அது உண்மைதான். ஆனால் இந்த ஊருக்கே வருகிற வண்டி எங்கே போகும்? காய்கறி லாரி மார்க்கெட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாக வேண்டும். டவுன் பஸ் ஊருக்குள்தான் நிற்க வேண்டும். சந்தை ஊரில் ரோட்டு நெரிசலின் பாதி ஊர் தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்வது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரிய வண்டிகள் குறைந்து ரோடு காலியானால், மீதி வண்டிகள் வேகம் எடுக்கும். நெரிசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த டூவீலர், காலி ரோட்டில் 60-ல் பறக்கும். நெரிசல் இருந்த இடத்தில் விபத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே புறவழிச்சாலையோடு வேலை முடிவதில்லை. ஊருக்குள் இருக்கிற ரோட்டை ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எல்லோருக்குமான சாலை என்றால்?

உலகம் முழுக்க இப்போது பேசப்படுகிற ஒரு முறை உண்டு. ரோட்டின் மொத்த அகலத்தையும் வண்டிக்கே விட்டுவிடாமல், நடப்பவர், சைக்கிள், பஸ், லோடு வண்டி, தள்ளுவண்டி என்று ஒவ்வொருவருக்கும் இடம் பிரித்துக் கொடுப்பது. புதிதாக நிலம் எடுப்பதோ, கடைகளை இடிப்பதோ இதன் முதல் வேலை இல்லை. இருக்கிற இடத்தைச் சரியாகப் பிரிப்பதுதான் முதல் வேலை.

இதற்கு விதியும் இருக்கிறது. இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், எந்தத் தடையும் இல்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று உள்ளது. கடைத்தெருவில் அது 2.5 மீட்டர். நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.

அந்த உயரத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. நம் ஊர்களில் சாக்கடை மேல் சிலாப் போட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதற்கு 'பிளாட்பாரம்' என்று பெயர் வைக்கிறார்கள். வயதானவர் அதில் ஏற முடியாது. ஏறினாலும் பத்தடி நடப்பதற்குள் ஒரு கடை வாசல் வரும், இறங்க வேண்டும். மறுபடி ஏற வேண்டும். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர். அடுத்து ஒரு உடைந்த சிலாப். கடைசியில் எல்லோரும் ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார்கள். உடனே, "பிளாட்பாரம் கட்டியும் யாரும் நடக்கலியே" என்று பேச்சு வருகிறது. நடக்கிற மாதிரி கட்டினால்தானே நடப்பார்கள்?

ரோட்டைக் கடக்க எத்தனை வினாடி?

ஒரு சின்னக் கணக்கு. நான்கு தடம் கொண்ட ரோடு என்றால் தார் போட்ட அகலம் சுமார் 14 மீட்டர். முழங்கால் வலி உள்ள ஒரு பாட்டி வினாடிக்கு 0.8 மீட்டர் நடப்பதாக வைத்துக்கொண்டால், ரோட்டைக் கடக்க 17 வினாடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில், 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி 240 மீட்டர் வந்துவிடும். அதாவது, பாட்டி காலை எடுத்து வைக்கும்போது கண்ணுக்கே சரியாகத் தெரியாத வண்டி, அவர் கடந்து முடிப்பதற்குள் பக்கத்தில் வந்து நிற்கும்.

இதே ரோட்டுக்கு நடுவில், நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கட்டினால்? ஒரு தடவைக்கு 7 மீட்டர் கடந்தால் போதும். 9 வினாடி. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும். வண்டியின் வேகத்தையும் 30 கிலோமீட்டராகக் குறைத்தால், அந்த 9 வினாடியில் வண்டி வருகிற தூரம் 75 மீட்டர்தான். 240 மீட்டருக்கு அப்பால் வரும் வண்டியைக் கணிப்பதற்கும், 75 மீட்டரில் வரும் வண்டியைக் கணிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் உயிர்.

வேகம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு சொல்கிறது. நடந்து போகிறவர் மீது 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரை விட, 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரால் சாவு ஏற்படும் அபாயம் நாலரை மடங்கு அதிகம்.

சாகிறவர்கள் யார்?

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் டூவீலரில் போனவர்கள் மட்டும் 74 ஆயிரத்து 897 பேர். நடந்து போனவர்கள் 32 ஆயிரத்து 825 பேர். இரண்டையும் கூட்டினால் மொத்த சாவில் 64 சதவீதம். காரில், லாரியில் போகிறவருக்காக ரோடு போடுகிறோம். செத்துப்போகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் டூவீலரில் போனவர்களும், நடந்து போனவர்களும்.

தமிழகம் அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். 64 ஆயிரத்து 105 விபத்துகள். இறந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர்.

செத்தவர் கணக்கு ஒரு பக்கம். உயிர் பிழைத்தவர் வீட்டுக் கணக்கு இன்னொரு பக்கம். ஒருவருக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கால் உடைந்து 90 நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் 54 ஆயிரம் ரூபாய் போச்சு. ஆஸ்பத்திரியில் மனைவி கூட இருந்தால் அந்தக் கூலியும் சேர்ந்து போகும். மருந்துச் செலவு, வட்டிக்கு வாங்கிய கடன் தனி. உலக வங்கி, தமிழகம் உள்பட 4 மாநிலங்களில் ஆய்வு நடத்தி 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், விபத்தில் சிக்கிய ஏழைக் குடும்பங்களில் 75 சதவீதத்துக்கு மேல் வருமானம் குறைந்துபோனதாகச் சொல்லியிருக்கிறது. நல்ல நடைபாதைக்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது, அது இல்லாததால் ஆகிற இந்தச் செலவையும் எதிர்ப்பக்கம் எழுத வேண்டும்.

பாண்டிபஜார் சொல்லும் பாடம்

தமிழகத்தில் இதற்கு கண்முன்னே இருக்கிற உதாரணம் சென்னை தியாகராயநகர் பாண்டிபஜார். சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கை முடிவு எடுத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அதில் முக்கியமானது. அந்த வழியில் வந்ததுதான் பாண்டிபஜார் நடைபாதை வளாகம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் கட்டி, 2019-ம் ஆண்டு நவம்பர் 13-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார்.

முதலில் வியாபாரிகளுக்குப் பயம் இருந்தது. கார் நிறுத்த இடம் இல்லாவிட்டால் யார் கடைக்கு வருவார்கள் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் இன்றைக்கு அந்தத் தெருவுக்கு ஜனங்கள் குடும்பத்தோடு நடப்பதற்கென்றே வருகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நடக்கிற ஆள் கடையைப் பார்த்துக்கொண்டு போவார், நினைத்தால் நிற்பார். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்கு கடை போர்டு கூடத் தெரியாது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இதைக் கணக்காகவே எடுத்தார்கள். அங்கே 9-வது அவென்யூ என்ற சாலையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை, நடப்பவர் கடக்க வசதி எல்லாம் செய்த பிறகு, உள்ளூர் கடைகளின் விற்பனை 49 சதவீதம் வரை கூடியது என்றும், அந்த வட்டாரம் முழுவதுக்குமான உயர்வு 3 சதவீதம்தான் என்றும் 2012-ல் மாநகர போக்குவரத்துத்துறை வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காயம் அடைபவர்கள் எண்ணிக்கையும் 58 சதவீதம் குறைந்தது.

நியூயார்க் கணக்கு ஒட்டன்சத்திரத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஒரு விஷயம் பொருந்தும். அவர்கள் வேலைக்கு முன்னும் எண்ணினார்கள், வேலைக்குப் பின்னும் எண்ணினார்கள். நம் ஊர்களில் திறப்பு விழாவோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

தவறும் நடந்திருக்கிறது

பாண்டிபஜாரில் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. நடைபாதையில் டூவீலர் ஏற்றி நிறுத்துவது அங்கேயும் தீராத தலைவலி. சிறிய ஊர்களில் அகலமான நடைபாதை கட்டினால் அது இலவச டூவீலர் ஸ்டாண்டாக மாறிவிடும் ஆபத்து இன்னும் அதிகம். அதைத் தடுக்க இரும்புக் கம்பி நட்டால், சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் உள்ளே போக முடியாது. எனவே வண்டி நிறுத்த வேறு இடம் காட்டாமல் நடைபாதை மட்டும் கட்டுவது பாதி வேலை.

ரோட்டோர வியாபாரிகளை விரட்டிவிட்டு நடைபாதை போடுவதும் தவறான வழி. அதற்குச் சட்டமே இடம் கொடுக்காது. 2014-ம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக்கூடாது. நகர விற்பனைக் குழு அமைத்து, அதில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். பூ விற்கும் அம்மாவும், இளநீர் வண்டிக்காரரும் இருக்கிற தெருவில்தான் இருட்டிய பிறகும் பெண்கள் பயமில்லாமல் நடக்க முடியும். அவர்கள் நடக்கிற வழியை மறிக்காமல், ஓரமாக அவர்களுக்கென்று கோடு போட்டு இடம் ஒதுக்கினால் இரண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை.

நடைமேம்பாலம் கட்டினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். மாம்பலம் ரெயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை பயன்படுகிறது. காரணம், அது ஒரு நிலையத்தில் இருந்து இன்னொரு நிலையத்துக்கு நேராகக் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் எதிர்ப்பக்கம் இருக்கிற டீக்கடைக்குப் போக மாடிப்படி ஏறி இறங்கு என்றால் யாரும் ஏறமாட்டார்கள். தலையில் மூட்டை இருப்பவர் எப்படி ஏறுவார்? கர்ப்பிணி எப்படி ஏறுவார்?

சந்தை ஊருக்கு என்ன செய்யலாம்?

பாண்டிபஜாரை அப்படியே பெயர்த்து வந்து ஒட்டன்சத்திரத்தில் வைக்க முடியாது. அங்கே ஜவுளி, இங்கே காய்கறி. அங்கே கார், இங்கே லாரி. இந்த ஊருக்கு முதல் தேவை லோடு ஏற்றி இறக்க ஒதுக்கிய இடமும் நேரமும்தான். லாரி ரோட்டில் நிற்பதால்தான் பஸ் நடுரோட்டில் நிற்கிறது. பஸ் நடுரோட்டில் நிற்பதால்தான் பயணி ஓடிப்போய் ஏறுகிறார். ஒரு இடத்தில் முடிச்சை அவிழ்த்தால் மற்றதும் தளரும். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கனரக வண்டிகள் ஊருக்குள் வராமல் பார்த்துக்கொள்ள காசு அதிகம் தேவையில்லை.

இரண்டாவது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் நிலையம், மார்க்கெட் ஆகிய இடங்களுக்கு முன்னால் ரோட்டைக் கடக்கும் வழி. வெறும் வெள்ளைக்கோடு போதாது. கோடு போட்ட இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால், அதுவே வேகத்தடையாகவும் இருக்கும். வண்டி தானாக வேகம் குறையும், போலீஸ்காரர் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது, சைக்கிள். பள்ளி மாணவ, மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கிற திட்டம் தமிழகத்தில் 2001-02-லேயே தொடங்கியது. அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றது நாடே பேசிய சேதி. சைக்கிள் கொடுத்தாச்சு, ஓட்டவும் கற்றாச்சு. ஓட்டுவதற்கு இடம் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

நான்காவது, வேலையின் வரிசை. ரோடு ஒரு துறை, சாக்கடை ஒரு துறை, மின்கம்பம் ஒரு துறை, குடிநீர்க் குழாய் ஒரு துறை. ஒருவர் போட்டதை ஒருவர் தோண்டுகிறார். நடைபாதைக்கு அடியிலேயே வடிகாலும் கேபிளும் ஒரே நேரத்தில் அமைத்துவிட்டால் வருஷா வருஷம் தோண்டுகிற செலவு மிச்சம். மழை பெய்தால் காய்கறிக் கழிவோடு தண்ணீர் தேங்குவதும் குறையும்.

முதலில் எண்ணிப் பார்க்கணும்

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று கைவிரிப்பதற்கு முன்னால், ஒரு வாரம் சோதித்துப் பார்க்க வழி உண்டு. சுண்ணாம்புக் கோடு, மணல் மூட்டை, போலீசாரின் பிளாஸ்டிக் கூம்புகள், இவை போதும். ஒரு தெருவில் நடைபாதையை ஒதுக்கிக் காட்டி, லோடு இறக்கும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டி, ஜனங்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்கலாம். சரிப்படவில்லை என்றால் கோட்டை அழித்துவிட்டு வேறு இடத்தில் போடலாம். கான்கிரீட் போட்ட பிறகு அழிக்க முடியாது.

அந்த ஒரு வாரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து கணக்கு எடுத்தால் போதும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள், அதில் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் எத்தனை? ரோட்டைக் கடக்க எத்தனை வினாடி காத்திருக்கிறார்கள்? வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன? ஆஸ்பத்திரிக்கு விபத்துக் காயத்தோடு வருபவர்கள் எத்தனை? கடைக்காரருக்கு வியாபாரம் கூடியதா, குறைந்ததா? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால், நல்லதா கெட்டதா என்று சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. எண்ணிக்கையே சொல்லிவிடும். வியாபாரம் குறைந்தால் அதையும் ஒத்துக்கொண்டு திட்டத்தை மாற்ற வேண்டும்.

பக்தர்களுக்குக் கிடைத்தது ஊராருக்கும்...

இந்த வட்டாரத்துக்கு இந்த யோசனை புதுசும் இல்லை. திண்டுக்கல்-பழனி ரோட்டில் பாதயாத்திரை பக்தர்களுக்காக ரோட்டை ஒட்டி தனியாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். நடக்கிறவரையும் லாரியையும் ஒரே தாரில் விடக்கூடாது என்பதை முருக பக்தர்கள் விஷயத்தில் அதிகாரிகள் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள். தைப்பூச சீசனில் வருகிறவருக்கு உள்ள அந்த நியாயம், வருஷம் 365 நாளும் மூட்டை தூக்கி நடக்கிறவருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் இல்லாமல் போகுமா?

நகராட்சி வார்டுகளில் பகுதி சபை கூட்டம் நடத்தும் முறை 2022-ல் தமிழகத்தில் தொடங்கியது. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்று மனு கொடுக்கும்போது, கூடவே இன்னொரு மனுவும் கொடுக்கலாம். "எங்க வார்டுல இருந்து மார்க்கெட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போற வழியில ஒரு நாள் வந்து நடந்து பாருங்க. எத்தனை இடத்துல ரோட்டுல இறங்க வேண்டியிருக்குன்னு எண்ணுங்க." அதிகாரிகளும் கவுன்சிலரும் சேர்ந்து அந்த வழியை ஒரு முறை நடந்து எண்ணினால், எந்த இடத்தில் வேலையைத் தொடங்க வேண்டும் என்ற பட்டியல் அன்றைக்கே தயாராகிவிடும்.